மருத்துவர் பதில்கள்: ‘மரத்துப்போய்விட்டது’ என்றால் எது மரத்துப்போனது?

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கை, கால் மரத்துப்போவதைப் பற்றியவை. பதில் எழுதுமுன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டால் தெரியாமல் இருப்பதையும், எறும்பு ஊர்வதுபோல் இருப்பதையும், காலைத் தூக்க வலுவில்லாமல் போவதையும், பஞ்சின்மேல் நடப்பதுபோல் தரை பிடிபடாமல் இருப்பதையும் நாம் ‘மரத்துப்போய்விட்டது’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் தண்டுவடத்தில் இவற்றுக்கெல்லாம் ஒரே பாதை இல்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கால் மரத்துப்போய்விட்டது என்று வந்த முதியவர் ஒருவரை ஊசி முனையால் சோதித்து, உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மாலையில் மூத்த மருத்துவர் அவரை எழுந்து நடக்கச் சொன்னபோது, வலக்கால் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அவர் சொன்ன மரத்துப்போதல் வலுவின்மை. நான் தேடியதோ உணர்ச்சியின்மை. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் மறுகேள்வி கேட்காமல் விடுவதில்லை.

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. கோயிலில் கண்மூடிக் கும்பிடும்போது தள்ளாடுகிறார். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போடும்போது இரண்டு முறை சுவரில் சாய்ந்துவிட்டார். கண் திறந்திருந்தால் சந்தைக்குக்கூடத் தனியாகப் போய்வருகிறார். பாதம் மரத்தாற்போல் இருக்கிறது என்கிறார். சைவ உணவுதான், பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இது தலைச்சுற்றலா, காதுக் கோளாறா? (தோ பாயோ வாசகி)

பதில்: கண்ணை மூடினால் மட்டும் தள்ளாடுகிறார் என்று நீங்கள் கவனித்து எழுதியது மிகவும் பயனுள்ள குறிப்பு. நாம் விழாமல் நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி கேட்கிறது: கண், உட்காது, கால் மூட்டுகளிலும் தசைகளிலும் இருந்து வரும் நிலையுணர்வு. இவற்றில் இரண்டு சரியாக இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். உங்கள் தாயாருக்குக் காலிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துவிட்டதால், அந்தக் குறையைக் கண் ஈடுசெய்து வந்திருக்கிறது என்று தோன்றுகிறது; கண்ணை மூடியதும் அந்தத் துணையும் போய்விடுகிறது.

நிலையுணர்வும் அதிர்வுணர்வும் தண்டுவடத்தின் பின்புறத்தில் உள்ள பின்தூண் பாதையில் ஏறுகின்றன. கால் கட்டைவிரலில் தொடங்கும் ஒரே நரம்பிழை, இடையில் எங்கும் கைமாற்றாமல், முதுகு முழுவதும் ஏறி, கழுத்துக்கு மேலே மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வரை செல்கிறது. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒற்றை இழை அது. முகுளத்தில்தான் அடுத்த நரம்பணு செய்தியை வாங்கி, எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் பெருமூளையின் மேற்பரப்பான புறணியில் சேர்க்கிறது. மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் இந்த இழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. அந்த உறை கெடாமல் இருக்க வைட்டமின் பி12 வேண்டும்.

இந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் கிடைக்கிறது. காய்கறிகளிலும் பருப்பிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. பால், தயிர் சாப்பிடுகிறவர்களுக்கும் வயதாகும்போது இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலிருந்து அது சரியாகப் பிரிந்து சேர்வதில்லை. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுவதும் உடலில் அதன் அளவைக் குறைக்கக்கூடும். உங்கள் தாயாரிடம் இந்த மூன்று காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. நீரிழிவே புற நரம்புகளைப் பாதித்து இதே தள்ளாட்டத்தைத் தரலாம் என்பதால், எது காரணம் என்பதை வீட்டில் முடிவுசெய்ய முடியாது. பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பு வரும்வரை காத்திராமல் இந்த வாரமே அழைத்துச் சென்று, நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். கண்மூடி நிற்கச் சொல்வார்; 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் பணியாற்றிய ரோம்பெர்க் என்ற மருத்துவரின் பெயரால் இன்றும் வழங்கும் சோதனை அது. இரத்தத்தில் பி12 அளவையும் பார்ப்பார்.

இரண்டு எச்சரிக்கைகள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோகைக்கு நல்லது என்று யாரேனும் சொன்னதைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுக்கவும் வேண்டாம். பி12 குறைவினால் வரும் சோகையை அது சரிசெய்துவிடும், நரம்புச் சேதமோ வெளியே தெரியாமல் தொடரும். உரிய காலத்தில் பி12 ஊசியோ மாத்திரையோ தொடங்கினால் முன்னேற்றம் உண்டு. தாமதித்தால் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. அதுவரை இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும், முகம் கழுவும்போது நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருந்தால், ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் குளியலறைக் கைப்பிடிகளுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 38. சில மாதங்களாக வலக்கால் வலுவிழந்து மாடிப்படியில் தடுக்குகிறது. போன வாரம் வாளியிலிருந்த சுடுநீர் இடக்காலில் கொட்டியும் அவனுக்குச் சூடு தெரியவில்லை. தோல் சிவந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான். ஒரு காலில் பலவீனம், மறுகாலில் உணர்ச்சியில்லை என்றால் எப்படி, மனப்பிரமையாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். (ஜூரோங் வாசகர்)

பதில்: மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். தண்டுவடத்தின் அமைப்பை அறியாத ஒருவரால் இப்படிக் கற்பனை செய்வதே கடினம்.

மேலே சொன்ன நிலையுணர்வு முகுளத்தில் பக்கம் மாறுகிறது. வலியும் சூடும் குளிர்ச்சியும் அப்படியல்ல. அவை தண்டுவடத்துக்குள் நுழைந்த இடத்துக்கு அருகிலேயே, ஓரிரு கணு ஏறுவதற்குள் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. அதனால் இடக்காலின் சூடு முதுகில் வலப்புறமாக ஏறுகிறது. மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதையோ முகுளத்திலேயே பக்கம் மாறி முடித்துவிடுவதால், வலக்காலை அசைக்கும் கட்டளையும் முதுகில் வலப்புறமாகவே இறங்குகிறது. ஆகவே தண்டுவடத்தின் வலப்பாதியை ஏதேனும் அழுத்தினால், வலக்கால் வலுவிழக்கும். வலக்காலின் நிலையுணர்வு மங்கும். இடக்காலில் வலியும் சூடும் தெரியாமல் போகும். உங்கள் தம்பி சொல்வதும் இதுவே.

இதை விளக்கியவர் பிரௌன்-சேக்கார் என்ற மருத்துவர். நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் மொரிஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரில் 1817-இல் பிறந்தவர். ஸ்கேன் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், எந்தக் காலில் எது குறைகிறது என்று பொறுமையாகச் சோதித்தே சேதம் எந்தப் பக்கம் என்று கணிக்க அவர் வழிகாட்டினார். மருத்துவம் படித்த நாளிலிருந்து நான் வியந்து போற்றும் பணி அது.

விலகிய முதுகெலும்பு வட்டு, கட்டி, அழற்சி எனக் காரணம் பலவாக இருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். தம்பியை நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர் அடைபட்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, பலவீனம் விரைந்து கூடினாலோ, நாளை வரையும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் ‘கால் மரத்துப்போய்விட்டது’ என்று சொல்ல வேண்டாம்; ‘வலக்கால் தடுக்குகிறது, இடக்காலுக்குச் சுடுநீர் தெரியவில்லை’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம். மூளையில் இடப்பக்கம் அடைப்பு என்றார்கள். விழுந்ததோ வலக்கையும் வலக்காலும். மாற்றிச் சொல்லிவிட்டார்களா? கால் ஓரளவு தேறியும் கைவிரல்கள் ஏன் இன்னும் வரவில்லை? (ஈசூன் வாசகி)

பதில்: மாற்றிச் சொல்லவில்லை. இயக்க இழைகளில் பத்தில் ஒன்பது அளவுக்கு முகுளத்தில் எதிர்ப்பக்கம் கடப்பதால், இடமூளை வலக்கையை ஆள்கிறது. அந்த இழைகள் மூளையின் மேற்பரப்பிலிருந்து விசிறிபோல் இறங்கி, ஆழத்தில் ஒரு குறுகிய இடைவெளியில் நெருங்கிச் செல்கின்றன. அங்கே சுண்டைக்காய் அளவு சேதம் ஏற்பட்டாலும் கை, கால் இரண்டும் விழுந்துவிடும்.

நிற்பதற்கும் நடப்பதற்கும் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு பாதைகளும் கைகொடுக்கின்றன. பொத்தான் போடுவது, சோற்றைப் பிசைவது போன்ற தனித்தனி விரல் வேலைகளுக்கு அந்த முதன்மைப் பாதைக்கு ஈடான துணை இல்லை. அதனால்தான் கை பின்தங்குகிறது. பயிற்சியை விட்டுவிடாதீர்கள், இடக்கையால் முடிகிற வேலையையும் வலக்கையையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள், முதலில் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொள்ள மட்டுமாவது. மீண்டும் முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை துவண்டாலோ உடனே 995-ஐ அழையுங்கள். உறவினர் கார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தோசைக்கல்லில் கை பட்டால், கையை இழுத்த பிறகுதானே வலி தெரிகிறது? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: ஆம். கையை இழுக்கச் சொல்வது தண்டுவடம். சுட்டது என்று உணர்வது மூளை. தண்டுவடம் தன்னளவிலேயே தசைகளுக்குக் கட்டளையிட்டுவிடுகிறது, மூளைக்குச் செய்தி பிறகே எட்டுகிறது. வலியும் இரண்டு தவணையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். சுரீர் என்ற முதல் வலி மெல்லிய உறையுள்ள இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் வருகிறது. பின்னால் வரும் காந்தல், உறையில்லாத இழைகளில் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருகிறது. அந்தக் காந்தல் வந்து சேரும்வரை நிற்காமல் கையைக் குழாய் நீரில் பிடித்து, 20 நிமிடம் அப்படியே வைத்திருங்கள்; பற்பசையும் மாவும் பூச வேண்டாம்.