டயர் மாற்றிய நாளிலிருந்து சைக்கிள் கனக்கிறது!

கேள்வி: எனக்கு 52 வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். தினமும் நாலு கிலோமீட்டர் சைக்கிளில்தான் போய் வருகிறேன். போன மாதம் பின் டயர் மாற்றினேன். அதிலிருந்து, ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற மாதிரி கனக்கிறது. காற்று சரியாக இருக்கிறது. செயினுக்குத் தேங்காய் எண்ணெய்கூட விட்டுப் பார்த்தேன். “உனக்கு வயசாயிடுச்சு, வண்டியை ஏன் குறை சொல்ற?” என்கிறார் வீட்டுக்காரர். கோளாறு வண்டியிலா, என்னிடமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வண்டியில்தான் அம்மா. ஒரே நாளில் யாருக்கும் வயசாகிவிடாது. பங்க்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், டியூபை ஓரமாக உருவினால் போதும். டயர் மாற்ற, பின் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஏதோ இறுகிவிட்டது.

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அப்போது செயினும் பெடல் அச்சும்தான் ஓடும், சக்கரம் ஓடாது. அதிலேயே கை கனத்தால் செயின் டைட். கீழ்ச் செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலமாவது ஆட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய பல்சக்கரம் சுத்த வட்டமாக இருப்பது அபூர்வம். மெல்லச் சுற்றிக்கொண்டே போய், எங்கே அதிக இறுக்கமோ அங்கே தூக்கிப் பாருங்கள்.

அடுத்து, பெடலைத் தொடாமல் பின் சக்கரத்தை முன்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். டிக் டிக்கென்று நல்லபடி சுற்ற வேண்டும். இரண்டே சுற்றில் நின்றால், பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா பாருங்கள். சுற்று முழுக்க ஒரே பக்கம் உரசினால் சக்கரத்தைச் சாய்வாக மாட்டியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் மட்டும் உரசினால் கோட்டம், கம்பியை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். எங்கேயும் உரசவில்லை, ஆனாலும் அச்சில் கரகரவென்று கை உணர்கிறதா? கோன் டைட். அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் மரைக்குத்தான் கோன் என்று பெயர்.

இதெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து பின் சக்கர அச்சை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பால்காரர் வண்டி இதே புகாரோடு வந்தது. பெடல் அச்சைக் கழற்றி, கால் அங்குல பால்ரஸ் குண்டுகள் பக்கத்துக்கு 11 ஆக மொத்தம் 22-ஐயும் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்து மூடினேன். கனம் அப்படியே இருந்தது. முதலாளி வந்தார். பின் சக்கரத்தில் செயின் ஓடும் சின்னப் பல்சக்கரமான பிரீவீலுக்குப் பின்னால் அச்சோடு சுற்றிக் கிடந்த ஒரு முழச் சாக்குச் சணலைக் கத்தி முனையால் இழுத்து என் கையில் கொடுத்தார். பால்ரஸ் காசு என் கூலியில் போனது. உங்கள் வண்டியில் முந்தானை நூல் இருக்கலாம்.

அப்புறம் அந்தத் தேங்காய் எண்ணெய். மார்கழியில் பாட்டிலில் உறைகிறதே, அது செயினிலும் உறையும். மற்ற மாதங்களில் மண்ணை இழுத்துப் பிசுபிசுக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். டயரிலோ ரிம்மிலோ படக் கூடாது.

செயினும் கோனும் ஸ்பானர் வேலை. டயர் மாற்றிய கடைக்கே வண்டியைக் கொண்டு போங்கள். பத்து நிமிஷ வேலை. காசு கேட்டால், “இறுக்கினது நீங்கதானே” என்று சொல்லுங்கள்.