மாஸ்க் போட்டால் ஓசோன் நிற்குமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். 11 வயது மகனுக்கு ஆஸ்துமா. கோடை விடுமுறையில் தினமும் மாலை 4 மணிக்குக் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். காற்றின் தரத்தைக் காட்டும் ‘சமீர்’ செயலியில் சில நாட்களாக ஓசோன் அதிகம் என்று வருகிறது. என்95 மாஸ்க் போட்டு அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. என்95 தூசியையும் புகைத் துகளையும்தான் பிடிக்கும். ஓசோன், மூச்சுக்குழாயில் எரிச்சல் உண்டாக்கும் ஒரு வாயு. மாஸ்க்கைத் தாண்டி உள்ளே போய்விடும். நீங்கள் மாற்ற வேண்டியது பயிற்சி நேரத்தை.

ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து அது உருவாகிறது. அதனால் வெயில் ஏற ஏறக் கூடி, மதியத்திலிருந்து மாலை வரை உச்சத்தில் நிற்கும். உங்கள் மகன் ஓடி ஓடி ஆழமாக மூச்சு வாங்குவது சரியாக அந்த நேரத்தில்! வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மைதானம் மெயின் ரோட்டிலிருந்து தள்ளி இருப்பதும் பாதுகாப்பு இல்லை. புதிதாக வரும் வண்டிப் புகையின் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைக் கொஞ்சம் அழித்துவிடுவதால், ரோட்டோரத்தைவிடப் பூங்காவில் ஓசோன் கூடுதலாக இருப்பதுண்டு. (அதற்காக ரோட்டோரத்தில் விளையாடச் சொல்லவில்லை.)

கோச்சிடம் பேசி, பயிற்சியைக் காலை 6 மணிக்கு மாற்றப் பாருங்கள். டெல்லி வெயிலுக்கும் அதுதான் நல்லது. முடியாவிட்டால், ஓசோன் கூடிய நாட்களில் லீவு போட்டுவிடலாம். செயலியில் காற்றுத் தரத்தின் மொத்தக் குறியீட்டை மட்டும் பார்க்காமல் ஓசோனைத் தனியாகப் பாருங்கள். இந்தியாவில் 8 மணி நேரச் சராசரிக்கான வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

வீட்டில் ஜன்னல்களை அதிகாலையில் திறந்துவைத்து, முற்பகலிலேயே மூடிவிடுங்கள். மூடிய அறைக்குள் ஓசோன் வெகுவாகக் குறையும். ‘ஓசோன் வெளியிட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்று விற்கும் கருவிகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவை விஷயத்தை இன்னும் மோசமாக்கும்.

அப்புறம் மருந்து. டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, நன்றாகத்தானே இருக்கிறான் என்று நிறுத்த வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலர் எப்போதும் அவன் பையில் இருக்கட்டும். இருமல், தொண்டை எரிச்சல், இழுத்து மூச்சுவிட்டால் நெஞ்சு வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். தொந்தரவு சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தலைகாட்டலாம். இன்ஹேலர் எடுத்தும் அடங்காமல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.