‘உயரு’ என்றால் என்ன? நாட்குறிப்பு நூல்கள்: வாசகர் கேள்வி பதில்

டைரி, தன்வரலாறு, கடிதத் தொகுப்பு என்று அடுத்தவர் வாழ்க்கையைப் படித்த சேலம் வட்டார வாசகர்கள் எழுதி அனுப்பிய கருத்துகளும் கேள்விகளும் இந்த முறை.

கே: ஆன் ஃபிராங்க் டைரியைத் தமிழில் படித்தேன். என் மகள் கல்லூரி நூலகத்திலிருந்து ஆங்கிலப் பிரதி கொண்டுவந்தாள். அம்மாவோடு மல்லுக்கு நிற்கிற பக்கங்கள் அதில் நிறைய. என் பிரதியில் அவ்வளவு இல்லை. மொழிபெயர்த்தவர் கத்திரி போட்டுவிட்டாரா? – வாசகி, அம்மாப்பேட்டை

ப: அவர்மேல் பழி போட அவசரப்படாதீர்கள். நாஜிகளுக்குப் பயந்து நெதர்லாந்தில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன். அவள் டைரிக்கே மூன்று வடிவங்கள் உண்டு. 1942 ஜூன் 12, தன் 13ஆவது பிறந்தநாளில் தொடங்கி அவள் எழுதிவந்தது முதல் வடிவம். 1944 மார்ச் 28 அன்று, லண்டனில் இருந்த டச்சு அமைச்சர் ஒருவர், போர்க்கால டைரிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று வானொலியில் பேசினார். அதைக் கேட்ட பிறகு, அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து தனித் தாள்களில் அவளே திருத்தி எழுத ஆரம்பித்தாள். சில இடங்களைச் சுருக்கினாள், ஆட்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தாள். இது இரண்டாவது. அப்பா ஓட்டோ இரண்டையும் கலந்து, மனைவியைப் பற்றிய சுடுசொற்களையும் உடல் சார்ந்த குறிப்புகளையும் குறைத்து 1947இல் அச்சிட்டது மூன்றாவது. 1991இல் வந்த விரிவான பதிப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல்.

உங்கள் புத்தகத்தில் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டுங்கள். மூலம் 1952ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு என்றிருந்தால் அந்தப் பக்கங்கள் குறைந்துபோனது அவள் அப்பாவின் கைவேலை. பக்க எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள், எழுத்தளவு மாறினாலே பக்கம் மாறிவிடும். ‘அன்றன்று மனதில் பட்டதை அப்படியே கொட்டியிருக்கிறாள்’ என்று இந்த நூலைப் புகழ்வது பாதிதான் சரி. அச்சில் வரும் என்று நினைத்து அவளே செதுக்கிய வரிகளும் அதில் கலந்திருக்கின்றன. எங்கள் கணக்கில் அது அவளுக்குக் கூடுதல் பெருமை.

கே: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை மூன்று தரம் எடுத்து மூன்று தரமும் வைத்துவிட்டேன். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, பீரங்கி போட்டார்கள்... இதில் என்ன இருக்கிறது? – வாசகர், ஓமலூர்

ப: முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்ததுதான் கோளாறு. 1736 செப்டம்பரில் தொடங்கும் குறிப்புகள் ஒரு புதுச்சேரி வணிகரின் பேரேடு மாதிரிதான் இருக்கும். 1746க்குத் தாவுங்கள். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக) இருந்த கனகராய முதலியார் காலமாகிறார். அந்த இடத்துக்கு யார் என்ற இழுபறி தொடங்குகிறது. அதே ஆண்டு பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடிக்கிறார்கள். பிறகு 1748: ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்படுவதை அருகிலிருந்தவராக எழுதுகிறார். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்சின் மனைவி ‘மதாம்’ மேல் பிள்ளைக்கு இருந்த கசப்பைத் தனி இழையாகப் பிடித்துக்கொண்டு போனால் புத்தகம் கீழே வைக்கவிடாது. பேரேட்டுப் பக்கங்களுக்கு அதன்பின் திரும்புங்கள். யார் கையில் பணம் புரண்டது என்பது அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகள் வந்தன. தமிழ் கிடைத்தால் தமிழையே எடுங்கள். பேச்சுவழக்கின் ருசி மொழிபெயர்ப்பில் நிற்காது.

கே: ராஜாஜியின் சிறை டைரியில் ‘சுதந்திரம் வந்ததும் ஊழல் வரும்’ என்று எழுதியிருப்பதாக வாட்ஸப்பில் சுற்றுகிறது. உண்மையா? – வாசகர், சேலம் நாலு ரோடு

ப: உண்மை, ஆனால் முக்கால்வாசி. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். தேர்தலும் அதோடு வரும் ஊழலும் வாழ்க்கையை நரகமாக்கும் என்ற கருத்தை 1922 ஜனவரியில் எழுதினார். எல்லோருக்கும் கல்வி கிடைப்பதில்தான் நம்பிக்கை என்று தொடர்ந்து வரும் வரியை அனுப்புகிறவர்கள் வெட்டிவிடுகிறார்கள்.

கே: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்த எங்கள் அப்பாரு எழுதிய நோட்டுகள் ஏழு இருக்கின்றன. பூஞ்சை வாடை அடிக்கிறது. தேதி இருக்குமிடத்தில் ‘விஜய... மார்கழி... உயரு’ என்று ஏதோ. புத்தகமாக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, ஏற்காடு

ப: முதலில் வாடை. வெயிலில் காயப்போடாதீர்கள், பேனா மை வெளுத்துவிடும், தாள் மொறுமொறுத்துப் போகும். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல், நோட்டை விசிறிபோல விரித்து நிறுத்துங்கள். பத்துத் தாளுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, ஈரம் ஏறினால் மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இழுகிவிடும். ராமபாணப் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்று புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள்; எடுத்ததும் ஒருநாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் தாள்மேல் நீர் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பீரோவை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். மலை மூட்டத்தில் அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும்.

இனி தேதி. ‘உயரு’ எழுத்தல்ல, எண். ௨ என்பது உ போலவும், ௰ என்பது ய போலவும், ௫ என்பது ரு போலவும் தெரியும். இரண்டு, பத்து, ஐந்து: ௨௰௫, அதாவது 25. பக்கத்தில் சுழித்திருப்பவை ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். விஜய 60 ஆண்டுச் சுற்றில் 27ஆவது. பிரபவ 1927 என்று வைத்து 26 கூட்டினால் 1953. அதே விஜய 1893இலும் 2013இலும் உண்டு. கூலிக் கணக்கு அணாவில் இருந்தால் 2013 அடிபட்டுப் போகும், நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில்தான். 1893 அவர் காலத்துக்கு முந்தியது என்றால் மிஞ்சுவது 1953. பலரும் சறுக்குவது அடுத்த படியில்: மார்கழி 17 வாக்கில் ஜனவரி பிறந்துவிடும். ஆகவே உங்கள் அப்பாரு எழுதிய நாள் 1953 அல்ல, 1954 ஜனவரி 8 அல்லது 9. அந்த வருஷப் பஞ்சாங்கத்தில் கிழமையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படியெடுக்கும்போது பிழையைத் திருத்தாதீர்கள். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி போதும். மழை, கூலி, காப்பிப் பழம் என்று ஒரேமாதிரி வரும் வரிகளை ‘சலிப்பு’ என்று நீக்கத் தோன்றும்; அவைதான் அந்த நோட்டின் உயிர்.

கே: நண்பர் எனக்கு எழுதிய கடிதங்களை நூலாக்கலாமா? அவர் இப்போது இல்லை. – வாசகர், ஆத்தூர்

ப: தாள் உங்களுடையது, வாசகத்தின் உரிமை அவருடைய வாரிசுகளுடையது. எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவர் இருந்தபோது அச்சாகாதவை என்றால், முதலில் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை ஓடும். கடிதத்தில் வரும் மூன்றாம் ஆள் இன்னொரு சிக்கல். சேலம் மத்தியச் சிறையில் 1995இல் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொன்ன தன்வரலாறு குறித்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணத்தில் உள்ளதை ஒப்புதலின்றி வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம் பற்றி எழுதினால் அந்தரங்க உரிமை மீறலுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஆத்தூரில் ‘கடைவீதி மருந்துக்கடைக்காரர்’ என்று எழுதினாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தொழிலையும் தெருவையும் சேர்த்தே மாற்றுங்கள்.