பெரியப்பா சொல்வதும் நியாயம், நீங்கள் ஓடுவதும் நியாயம்

கேள்வி: எனக்கு வயது 26, ஊர் பாளையங்கோட்டை. தோழிகள் சேர்ந்து இங்கே ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தி, வசூலாகும் பணத்தை உகாண்டாவில் ஒரு கிராமத்துக்கு அடிபம்பு போடக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். “ராதாபுரம் பக்கம் பொம்பளைய கொடத்தோட நிக்காவ, இவ உகாண்டாவுக்குத் தண்ணி கொடுக்க ஓடுதாளாம்” என்று பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நாங்கள் செய்வது தப்பா?

பதில்: தப்பே இல்லை. ஆனால் பெரியப்பா மேல் வருத்தப்படாதீர்கள். அவர் சொல்லும் குடத்தை நானும் சுமந்திருக்கிறேன். நான் வளர்ந்தது திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு. பொருநை வற்றாத நதி என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சாயங்காலம் நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்றவள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தெருவெல்லாம் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. அன்றைக்குக் கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கியவர்களில் பாதிப் பேருக்கு நம் ஊரின் பெயரே சரியாகச் சொல்ல வரவில்லை. தங்கள் ஊர்க் கஷ்டம் தீரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எனக்கு இருக்கிற கவலை வேறு. அந்தப் பம்பு எத்தனை வருஷம் அடிக்கும்?

1970-களில் யுனிசெஃப் உதவியோடு நம் நாட்டில் உருவாகி, கோவைப் பக்கத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான் ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு. உகாண்டாவில் ‘யு2’ என்கிறார்களே, அது இதே பம்பின் அந்த ஊர் வடிவம். ஆகவே அதற்கு வரும் நோயும் நமக்குப் பழக்கமானதுதான். எங்கள் தெருப் பம்பு ஒரு கோடையில் நின்றுபோனது. கைப்பிடி இலகுவாக மேலும் கீழும் போய்வரும், உள்ளே செயின் கடகடவென்று சத்தம் போடும், தண்ணீர் மட்டும் வராது. தேய்ந்திருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வாஷர். அதை மாற்ற ஆள் வருவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. அந்த நாலு மாதமும் அம்மா தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தாள்.

உகாண்டாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல இடங்களில் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை அதிகம். உள்ளே இறக்கும் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், துருப்பிடித்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். துணி கறைபடும், வாயில் வைக்க முடியாது. ஜனங்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். அதனால் பணம் வாங்கப்போகும் அமைப்பிடம் முதலில் குழாயைப் பற்றிக் கேளுங்கள்: ஜி.ஐ.யா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பி.வி.சி.யா? மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட பம்புகளில் இன்றைக்கு எத்தனை ஓடுகின்றன? ரிப்பேர் பார்க்க அந்த ஊரிலேயே யாரைப் பழக்கியிருக்கிறார்கள்? திறப்பு விழாப் படத்தை மட்டும் காட்டினால் வேறு அமைப்பைத் தேடுங்கள். தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். வங்கதேசத்தில் நல்லெண்ணத்தோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருந்தது 1990-களில்தான் வெளியே தெரிந்தது.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். வெளிநாட்டு அமைப்புக்கு நேராகக் கொடுப்பதற்கு, நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது, அதை நோட்டீசிலேயே அச்சடித்துவிடுங்கள். அனுப்பும் முறையை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு வசூலைத் தொடங்குங்கள். டீ-ஷர்ட், மெடல், மேடை என்று போனால் பாதிப் பணம் அங்கேயே கரைந்துவிடும். அந்தச் செலவுக்குக் கடைக்காரர்களைப் பிடியுங்கள், கட்டணம் முழுக்கப் பம்புக்குப் போகட்டும்.

நம் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் ஓடவிடாதீர்கள். மழை ஓய்ந்த ஜனவரி கடைசியில், வ.உ.சி. மைதானத்துப் பக்கம் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். போலீஸ் அனுமதியும் ஆம்புலன்சும் கட்டாயம்.

வழியில் தண்ணீர்ப் பந்தல் வேண்டுமல்லவா, அதைப் பெரியப்பா பொறுப்பில் விடுங்கள். பிளாஸ்டிக் கப் வேண்டாம், மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பந்தலில் ராதாபுரம் பக்கத்துக்கென்று தனியாக ஒரு உண்டியல் வைக்கச் சொல்லுங்கள். அதில் விழும் பணத்துக்குக் கணக்கு அவரே எழுதட்டும்.