ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் என் கல்லீரலை என் உடலே தாக்குகிறதா?

மதுவைத் தொட்டதில்லை, மஞ்சள் காமாலையும் இல்லை, ஆனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறது, உடலின் சொந்த செல்களைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனையான ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்கிறீர்கள். ஏ.என்.ஏ.வை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. நலமாக இருப்பவர்களில் சிலருக்கும் அது பாசிட்டிவாக வருவதுண்டு.

தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியில், கிருமிகளை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் கல்லீரல் செல்களையே தாக்குகிறது. பெண்களுக்கே அதிகம். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவையும் பார்ப்பார்கள், ஹெபடைடிஸ் பி, சி இல்லை என்பதை உறுதி செய்வார்கள். பெரும்பாலும் கடைசியில் பயாப்சி, அதாவது கல்லீரலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது.

பயாப்சி என்ற சொல்லைக் கேட்டு என் அக்கா இரவெல்லாம் தூங்கவில்லை. விலா எலும்புகளுக்கு இடையே மரத்துப்போக ஊசி போட்டு, நூல் போன்ற ஒரு துணுக்கை எடுத்தார்கள். சில மணி நேரம் அசையாமல் படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

நோய் உறுதியானால் வழக்கமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, பிறகு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைத் தணிக்கும் அசதயோபிரின். பலருக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். முகம் உப்பலாம், சர்க்கரை ஏறலாம். அதற்குப் பயந்து ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வீட்டில் கீழாநெல்லி அரைத்துத் தருவார்கள். அன்புதான், ஆனால் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பிடும் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மூலிகைகளும் மருந்துகளும் இதே போன்ற பாதிப்பைத் தரும். கண் மஞ்சளானாலோ வயிறு வீங்கினாலோ அன்றே போய்விடுங்கள்.