ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழாப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிற மதத்தவர். குடில், நாடகம், பகிர்வு எல்லாவற்றையும் எப்படி நடத்துவது?

நீங்கள் அரசு உதவி பெறும் ஒரு கிராமத்துப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை என்று எடுத்துக்கொள்கிறேன். பங்குத்தந்தை தாளாளர், சிஸ்டர் தலைமை ஆசிரியை, 150 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள், ஒரே ஒரு பெரிய வகுப்பறை, அதுதான் மண்டபமும். அளவுகளை இந்தக் கணக்கில்தான் சொல்கிறேன். உங்கள் பள்ளி பெரிதென்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்குக் கீழே "மதம் மாற்றுகிறார்கள்" என்று ஒருவரும், "விசுவாசத்தை நீர்த்துப்போக விடுகிறார்கள்" என்று இன்னொருவரும் வந்து எழுதத்தான் போகிறார்கள். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவில் இருக்கிறது. அதே அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் எவரையும் சம்மதமில்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெற வைக்கக் கூடாது என்கிறது. சிறுவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். ஆகவே கலைவிழா வேறு, வழிபாடு வேறு என்று நிகழ்ச்சியைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். குடில், நாடகம், நடனம், பகிர்வு எல்லாம் பள்ளி வளாகத்தில் எல்லாருக்கும். திருப்பலி என்ற பூசை வழிபாடு பங்குக் கோயிலில், வர விரும்புகிறவர்களுக்கு. நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு நான்கே வரியில் தமிழில் ஒரு சம்மதக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெற்றோர் யாரும் மறுப்பதில்லையே, இது எதற்கு என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். மறுக்காதவரிடமும் கேட்பதுதான் மரியாதை.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (அவர்களுடைய சமயப் பாடம்) நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு உண்மையாகவே நடக்க வேண்டும். அவர்களை மைதானம் கூட்டவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் அப்படி ஒதுக்கி வைத்துவிட்டு டிசம்பரில் மட்டும் "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று மேடையில் பேசினால் பிள்ளைக்குப் புரியாமல் போகாது.

நாள்காட்டியைப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். தேர்வு முடியும் நாளில் அல்லது மறுநாளில்தான் விழா. அதாவது ஒத்திகையெல்லாம் தேர்வு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். நடுவில் வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள் இரண்டு மூன்று நாளைத் தின்றுவிடும். நவம்பர் நடுவில் தொடங்கினால்தான் மூச்சு விடலாம். ஒத்திகை ஒரு நாளைக்கு 30 நிமிடம் போதும், அதைக் காலை உணவுக்குப் பிறகு வையுங்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளையை வெயிலில் நிறுத்தி ஆடவைத்தால் மயங்கி விழும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கியபோது உதவி பெறும் பள்ளிகளுக்கு இல்லை. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றுதான் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் தொடங்கினார்கள். நகர்ப்புறத்துக்கு வர 2025 ஆகஸ்ட் ஆயிற்று. ஒரே தெருவில் இருந்து இரண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் ஒன்றுக்கு உப்புமா, ஒன்றுக்கு வெறும் வயிறு என்று இருந்த காலம் அது.

இனி குடில். அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாக வைத்ததும் எளிய மனிதர்கள் கண்ணால் காணட்டும் என்றுதான். எனவே கடையில் தெர்மோகோல் குடில் வாங்கி வைக்காதீர்கள். பிள்ளைகள் செய்யட்டும். பாறைக்குக் காக்கித் தாள் அல்லது சிமெண்ட் மூட்டையின் உள்தாள் எடுத்துத் தூசியை நன்றாகத் தட்டிவிட்டு, கசக்கி விரித்து, பசையில் தோய்த்து, அட்டைப் பெட்டிகள் மேல் போர்த்துங்கள். பசைக்கு ஒரு கப் மைதாவுக்கு ஐந்து கப் தண்ணீர். குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் காய இரண்டு மூன்று நாள் ஆகும். காயும் முன் வண்ணம் அடித்தால் தாள் பிய்ந்து வரும். மைதாவை எலியும் கரப்பானும் தேடி வரும் என்பதால் பெரியவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு. சிறு பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள். செலவு கூடும், ஆனால் பூச்சி வராது.

குடிலில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை புல் வளர்ப்பது. விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் துணியில் கட்டி முளை எட்டிப் பார்த்ததும் விதைக்கலாம். 150 பிள்ளைகளுக்கு அரைக் கிலோ தாராளம். ஆளுக்கொரு கொட்டாங்கச்சி, அடியில் ஒரு துளை, மணலும் மக்கிய எருவும் சம பங்கு. விதையை நெருக்கமாகத் தூவி மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, இரண்டு நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் வைத்து, ஊற்றாமல் தெளியுங்கள். அழுகுவதற்குக் காரணம் எப்போதும் தண்ணீர் அதிகமாவதுதான். ஆர்வத்தில் ஒரே பிள்ளை நாலு தடவை ஊற்றும், ஆகவே வகுப்புக்கு இரண்டு பேரை மட்டும் பொறுப்பாக்குங்கள். இந்த வேலையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடும் அம்மாக்கள். அவர்களில் இருவரை அழைத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். முளைப்பாரியை இருட்டில் வைப்பார்கள், அதனால் வெளிறிய மஞ்சளாக நீண்டு வளரும். நமக்குப் பச்சையாக வேண்டும் என்பதால் மூன்றாம் நாள் முதல் வெளிச்சம். வேறுபாடு அவ்வளவே. பள்ளிக் குடிலில் தங்கள் கைப்பக்குவம் இருக்கிறது என்று அந்தத் தாய்மார் விழாவுக்கு வந்து நிற்பது, எந்த வரவேற்புரையும் செய்யாத வேலையைச் செய்யும்.

வைக்கோல் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி கூடாது. பழைய சீரியல் பல்புகள் சூடாகும், எல்.இ.டி. மட்டும் போடுங்கள். ஒட்டுப்போட்ட வயரைப் பிள்ளை உயரத்தில் தொங்க விடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்து மலர்வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளையும் (மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஜா நிறம்) குடிலை விட்டுத் தள்ளித் தனி மேசையில் வையுங்கள், ஏற்றுவது ஆசிரியர் கையில் இருக்கட்டும். குழந்தை இயேசு சுரூபத்தை 24 இரவுதான் வைக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். முறை அதுதான். ஆனால் அன்று பள்ளி இருக்காது. விழா நாளில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்துக் கோயில் குடிலுக்குக் கொடுத்துவிடலாம். எந்தப் பங்குத்தந்தையும் இதற்குத் தடை சொல்ல மாட்டார், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாடகத்துக்கு லூக்கா 2ஆம் அதிகாரத்தின் முதல் 20 வசனமும் மத்தேயு 2ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனமும் போதும். பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் ஒன்றாம் வகுப்பு கலைந்துவிடும். எல்லாப் பிள்ளைக்கும் வேடம் வேண்டுமே என்ற கவலைக்கு நற்செய்தியிலேயே வழி இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பெயர் பதிவு செய்யப் போகும் கூட்டத்தில் முப்பது பேரை மூட்டையோடு நடக்க விடலாம். வசனமில்லை, கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அதுவே நல்ல இடம். வானதூதர் கூட்டத்துக்கு எண்ணிக்கை கிடையாது. குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை, பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள் என்பதோடு நிற்கிறார். ஆகவே ஒவ்வொரு ஞானிக்கும் நான்கு பணியாளர், ஓர் ஒட்டகம் என்று தாராளமாகச் சேர்க்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்பு நட்சத்திரங்களும் ஆடுகளும். ஐந்தாம் வகுப்பு வாசிப்பும் மேடை வேலையும்.

மரியாவாக நடிக்க வகுப்பிலேயே நிறமான பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேல் பவுடரும் பூசும் பழக்கத்தை உங்கள் ஆண்டிலாவது நிறுத்துங்கள். கறுப்பான பிள்ளை எப்போதும் இடையர், சிவப்பான பிள்ளை எப்போதும் வானதூதர் என்பதைப் பார்த்தே வளரும் ஒரு பெண் குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுப்பது நற்செய்தி அல்ல. தெளிவான குரல், தவறாத வருகை, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். இந்துப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ மரியாவாக நடிக்கலாமா என்றால், பெற்றோர் சம்மதித்தால் தாராளமாக.

உடைக்கு வாடகைக் கடை வேண்டாம். அப்பாவின் வெள்ளைச் சட்டையை முன்பின்னாகப் போட்டு இடுப்பில் ரிப்பன் கட்டினால் வானதூதர். லுங்கியும் துண்டும் இடையருக்கு. அம்மாவின் துப்பட்டாவும் தங்க நிறச் சார்ட் கிரீடமும் ஞானிக்கு. சிறகை அட்டையில் வெட்டி எலாஸ்டிக்கால் இரு தோளிலும் மாட்டுங்கள், ஊக்கு குத்தினால் சட்டை கிழியும், பிள்ளைக்கும் குத்தும். ஒலிக்கு வசனத்தை முழுதாகப் பதிவு செய்து ஓடவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. என் பரிந்துரை, கதைசொல்லிகள் இருவர் நிற்கும் மைக்கில் நேரடியாக வாசிக்கட்டும், பாட்டு மட்டும் பதிவில் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் நாடகம் நிற்காது. பாட்டை இரண்டு பென் டிரைவிலும் ஒரு போனிலும் வைத்திருங்கள்.

கேக்கைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான செய்தி. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட பிள்ளைகளும், மாலை போட்டவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள். ஒரு சிலருக்கு மட்டும் தனிக் கேக் என்று பிரிப்பதைவிட எல்லாருக்குமே முட்டையில்லாத கேக் சொல்லிவிடுங்கள். ஆளுக்கு 50 கிராம், விருந்தினர் சேர்த்து 170 பேருக்கு எட்டரைக் கிலோ, 9 கிலோ சொல்லலாம். க்ரீம் வேண்டாம், சீருடையெல்லாம் அப்பிக்கொள்ளும்.

பகிர்வுக்கு உண்டியலைவிடப் பிடியரிசி நல்லது. காசு கொண்டுவர முடியாத பிள்ளையும் ஒரு பிடி அரிசி கொண்டுவரும். சிறு கையால் ஒரு பிடி 40 கிராம் வரும், 150 பேர் ஐந்து நாள் கொண்டுவந்தால் ஏறக்குறைய 30 கிலோ. ஆனால் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்து, வேகும்போது ஒன்று குழையும், ஒன்று வேகாது. வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கோழிக்குத்தான் போடுவார்கள். இரண்டு டிரம் வையுங்கள், மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எந்த அரிசி என்று தெரியாத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்துச் சொல்லும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள், வண்டு வரும். முதியோர் இல்லத்துக்கோ ஊரில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கோ பிள்ளைகளே கொண்டுபோகட்டும். வாங்குபவர் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எந்தச் சபையின் பெயரிலும் நடத்தத் தேவையில்லை. சிறுவர்களுக்கான கத்தோலிக்க அமைப்பான திருப்பாலர் சபை உங்கள் பங்கில் இருந்தால் அது தன் வேலையைத் தனியே செய்யட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்து வளர்த்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து, பக்கத்தில் இருக்கும் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிக்குப் போனால், மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அதற்குக் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே கூலித் தொழிலாளியின் இன்னொரு பிள்ளை, கட்டணமில்லாமல் உதவி பெறும் பள்ளியில் படித்தது என்ற ஒரே காரணத்துக்காக விடுபடுவது எந்த நியாயம்? விழா மேடைக்கு வரும் மக்கள் பிரதிநிதியிடம் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்தாமல் இதையும் எழுதிக் கொடுங்கள்.

பேச்சாளருக்குப் பத்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். பேச்சைப் பிள்ளைகள் நிகழ்ச்சிக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் வேடம் போட்ட பிள்ளைகள் வியர்த்து அழத் தொடங்கும். குடிலை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பிரித்துவிடாமல் ஞானிகள் வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6 வரை விட்டு வையுங்கள், ஞானிகளின் சுரூபங்களை அப்போது நகர்த்தி உள்ளே கொண்டுவரலாம். பிளாஸ்டர் சுரூபங்கள் கழுத்தில்தான் உடையும். எடுத்து வைக்கும்போது தலைக்கு முதலில் பழைய துணி சுற்றி, பிறகு செய்தித்தாள், பிறகு படுத்த நிலையில் பெட்டிக்குள். உடைந்ததை வெள்ளைச் சிமெண்டும் ஃபெவிகாலும் குழைத்து ஒட்டி ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் நிற்கும். பெட்டியின் மேல் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, வரவு செலவுத் தாளின் ஒரு படியைத் தாளாளரிடமும் ஒன்றைத் தலைமை ஆசிரியையிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.