வீட்டுக்கு வரும் களைப்பு

வணக்கம் சார்,

சைக்கிள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். எனக்கு 44 வயது. ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் முதல்முறையாக இரண்டு மாஸ்டர்ஸ் போட்டிகளில், அதாவது மூத்த வயதினருக்கான சைக்கிள் போட்டிகளில், கலந்துகொண்டேன். இரண்டிலும் பாதித் தூரத்திலேயே கூட்டத்திலிருந்து கழன்று, மிச்சத்தைத் தனியாக ஓட்டி முடித்தேன். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்கிறேன், ஒவ்வொரு நாளும் நன்றாக வியர்த்துத்தான் திரும்புவேன். வேலையும் வீடும் இருக்கிறபடியால் இதற்குமேல் நேரம் ஒதுக்க வழியில்லை. மனைவி, “நீங்க வீட்ல இருந்தும் இல்லாத மாதிரிதான்” என்கிறாள். ஒன்பது வயது மகள் போன போட்டி முடிந்ததும் “அப்பா, நீங்கதான் லாஸ்ட்டா?” என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வயதாகிவிட்டது, போட்டியை விட்டுவிடலாமா? கார்பன் சக்கரம் வாங்கினால் ஈடுகொடுக்க முடியுமா? இன்னும் ஆறு வாரத்தில் ஒரு போட்டி இருக்கிறது. பெயர் கொடுக்கலாமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் சிக்கல் வயது என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். இரண்டு போட்டிகளிலும் உங்களைக் கழற்றிவிட்டது அந்தக் களைப்பு, உங்கள் மனைவி குறைப்படுவதும் அதைப் பற்றித்தான். அவர் நேரத்தைக் கணக்குக் கேட்கவில்லை, கவனியுங்கள். வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி என்றுதான் சொல்கிறார். இந்த வாக்கியத்தை வேறு சொற்களில் என் வீட்டிலும் பல வருடம் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் செய்த வைத்தியம் இன்னும் சீக்கிரம் எழுவது. நாலரைக்கு எழுந்தேன், அப்புறம் நாலு மணிக்கு. ஷூவின் அடியில் பெடலோடு மாட்டுவதற்காக இருக்கும் கிளீட் தரையில் பட்டுச் சத்தம் போடக்கூடாதென்று ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, இருட்டிலேயே பாட்டிலை நிரப்பி, கதவின் தாழ்ப்பாளை விரலால் அழுத்திப் பிடித்தபடி நீக்கி வெளியே போவேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பயிற்சி முடிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ராத்திரி எட்டரை மணிக்குப் பையன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தால், அவன் கேட்டது காதில் விழும், மண்டையில் ஏறாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் அன்றைக்குச் சேர்த்த கிலோமீட்டருக்கு விலை கொடுத்தவன் அவன்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது “ஒவ்வொரு நாளும் நன்றாக வியர்த்துத்தான் திரும்புவேன்” என்ற வரி. நம்மைப் போல வேலைக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் விழும் குழி இதுதான். கிடைப்பது ஒரு மணி நேரம், அதை வீணாக்கக்கூடாது என்று தினமும் கொஞ்சம் அழுத்தியே ஓட்டுவோம். மெதுவாகப் போக மனசு வராது. மூச்சு வாங்கும், ஆனால் உயிர்போகாது; கால் வலிக்கும், ஆனால் நடுங்காது. இந்த நடுவாந்திர வேகத்தில் தினமும் ஓட்டினால் உடம்பு தேறவும் முடியாது, உண்மையாகவே கடினமான ஒருநாள் பயிற்சியைச் செய்யத் தெம்பும் இருக்காது. இருபத்தைந்து வயதில் சீக்கிரம் சரியாகிற தசைக்கு நாற்பத்தைந்தில் கூடுதல் நேரம் வேண்டியிருக்கிறது. வயதின் பங்கு என்று நான் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1911இல் பிறந்தவர், இளமையில் விட்ட சைக்கிளை அறுபது கடந்த பிறகு மறுபடி கையில் எடுத்தவர். 2012இல் தன் நூறாவது வயதில் ஒரு மணி நேரத்தில் 24.251 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு வருடம் கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். நடுவில் அவர் உடம்பை அளந்து பார்த்தார்கள். உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனின் அளவு, நாம் விஓ2 மேக்ஸ் என்கிறோமே அது, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35க்கு ஏறியிருந்தது. நூறு வயதைத் தாண்டியவருக்கு ஏறியிருக்கிறது என்பதை நான் இன்றும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் அவர் ஓட்டியது வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர், உங்களையும் என்னையும்விடக் குறைவு. அதில் எண்பது சதவீதம் லேசாக, இருபது சதவீதம் கடினமாக. நடுவாந்திரம் அந்தத் திட்டத்திலேயே கிடையாது. ஒரே ஒரு மனிதரை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது, சரி. ஆனால் நான் பதினெட்டு வருடமாக ஓட்டிப் பார்த்து, அதில் பத்து வருடத்தை வீணாக்கி, கடைசியில் வந்து சேர்ந்த இடமும் இதேதான்.

அதனால் ஆறு நாளை நாலாக்குங்கள். இரண்டு நாள் லேசாக. லேசாக என்றால் பக்கத்தில் வருபவரிடம் மூச்சு இழுக்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். மேட்டில் யாராவது தாண்டிப் போனால் போகட்டும் (இது முதல் மாதத்தில் ரொம்பக் கஷ்டம், கைவிரல் தானாகவே கியர் மாற்றப் போகும்). ஒரு நாள் உண்மையான கடினம்: ஐந்து நிமிடம் முழு வலுவில், ஐந்து நிமிடம் சும்மா உருட்டல், இப்படி நாலு முறை. நாலாவது முறை முதல் முறையைவிட வெகுவாகத் தொய்ந்துபோனால் முதல் முறை அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வாரக்கடைசியில் கூட்டத்தோடு, ஏனென்றால் நீங்கள் கற்க வேண்டியது நிறைய அங்கேதான் இருக்கிறது. மீதி நாட்களில், விடியற்காலையில் இல்லாமல் வேறு நேரத்தில், ஒரு இருபது முப்பது நிமிடம் எடை தூக்குங்கள். இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஈரமான ஒரு வளைவில் சறுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். அதையொட்டி எடுத்த பரிசோதனையில் முதுகெலும்பின் அடர்த்தி என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்று தெரிந்தது. சைக்கிள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தரும் பலனில் எலும்புக்குப் பங்கு மிகக் குறைவு, உடம்பின் எடையை இருக்கைதான் சுமக்கிறது. சைக்கிள் மட்டுமே ஓட்டிக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்கள் பலருக்கு இந்தக் குறை உண்டு, யாருக்கும் விழுகிறவரை தெரிவதில்லை. அப்படியே இதையும் சொல்லிவிடுகிறேன்: நெஞ்சில் இறுக்கம், தாளம் தப்பிய படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது, இதில் ஏதாவது ஒன்று ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலுவாக ஓட்டுகிறவர்தான் இதைத் தாங்கிக்கொண்டு ஓட்டிவிடுகிறார்.

இப்போது போட்டிக்கு வருவோம். கழன்று போகும் அந்த நொடி எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் மிதிப்பதை நிறுத்தும்போது சக்கரங்களிலிருந்து வருமே, வண்டுக்கூட்டம் போல ஒரு இரைச்சல், அது வந்தால் வளைவு வருகிறது என்று அர்த்தம். வளைவு முடிந்ததும் இரைச்சல் சட்டென்று நிற்கும், எல்லோரும் எழுந்து மிதிக்கிறார்கள். நீங்களும் எழுகிறீர்கள், ஆனால் அரை நொடி தாமதம். ஒரு முழம் ஒரு சைக்கிள் நீளமாகிறது. தலையைத் தாழ்த்தி மிதிக்கிறீர்கள், நீளம் அப்படியே இருக்கிறது. அப்புறம் அதுவரை இல்லாத காற்று முகத்தில் அடிக்கிறது. காற்று பட்டதும் தெரிந்துவிடும், இனிமேல் முடியாது என்று.

அந்தக் காற்றுதான் விஷயம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நாம் செலவழிக்கும் வலுவில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் கால்பங்கு முதல் மூன்றில் ஒருபங்குவரை மிச்சம். கழன்ற பிறகு தனியாகப் பிடிக்கப் பார்ப்பவர் அந்தச் சலுகையை இழந்துவிட்டு, அதே சலுகையோடு போகும் நாற்பது பேரைத் துரத்துகிறார். இரண்டு போட்டியிலும் நீங்கள் கூட்டத்தின் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்று எழுதவில்லை. கடைசிப் பத்துப் பேரில் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பயத்தில் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவோம், பாதுகாப்பு என்று நினைத்து. ஒட்டிப் போகிறவர்களுக்கு வால் பகுதிதான் செலவு அதிகமான இடம். வளைவில் முன்னால் போகிறவர் பிரேக்கை லேசாகத் தொடுவார், அது ஒவ்வொருவராகப் பெருகிக் கடைசி ஆள் கிட்டத்தட்ட நின்றேவிடுவார். முதல் ஆள் சீராக வெளியேறி வேகமெடுக்கும்போது கடைசி ஆள் அடிமட்டத்திலிருந்து பாய்ந்தாக வேண்டும். சுற்றுக்கு நாலு வளைவு, இருபது சுற்று என்றால் எண்பது பாய்ச்சல். உங்களுடைய அதே கால் வலுவோடு ஒருவர் எட்டாவது இடத்தில் உட்கார்ந்து இதைவிடக் குறைந்த செலவில் முடித்துவிடுவார். அடுத்த போட்டியில் வேறெதையும் யோசிக்காதீர்கள், முதல் பதினைந்து பேருக்குள் இருப்பது ஒன்றே வேலை. தானாக இடம் தங்காது. இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், நேரான பாதையில் வேகம் தணியும்போதெல்லாம் ஓரமாக இரண்டு மூன்று இடம் முன்னேறிக்கொண்டே இருந்தால்தான் இருந்த இடத்தில் இருக்க முடியும்.

கார்பன் சக்கரம் வேண்டாம். நல்ல டயர் போடுங்கள், காற்றைக் கல்லு மாதிரி அடைக்காமல் உங்கள் எடைக்கு ஏற்ற அழுத்தத்தில் வையுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். இந்த வருடத்துக்கு அது போதும்.

வயதைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 44 என்பது சோர்வு தரும் எண்தான், 40–44 வயதுப் பிரிவின் கடைசி வருடம், எதிரே நிற்பவர்களில் பாதிப்பேர் நாற்பது நாற்பத்தொன்று. மாஸ்டர்ஸ் போட்டிகளில் பல இடங்களில் ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவு வைக்கிறார்கள், அதுவும் பிறந்த நாளைப் பார்க்காமல் பிறந்த ஆண்டைப் பார்த்து. அடுத்த ஜனவரியில் 45–49 பிரிவில் எல்லோரையும்விட இளையவர்களில் ஒருவராகப் போய் நிற்பீர்கள். பிறந்தநாளைக் கூச்சமில்லாமல் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நடுத்தர வயதுக்காரர்களை நான் இந்த விளையாட்டில்தான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க வீரர் கிறிஸ் ஹார்னர் 2013இல் ஸ்பெயினின் மூன்று வாரப் போட்டியான வுவெல்ட்டாவை ஜெயித்தபோது அவருக்கு 41. அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நேரப்போட்டியில் (கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியாக ஓட்டுவது) தங்கம் வாங்கியதற்கு மறுநாள் அவருடைய 43ஆவது பிறந்தநாள். அவர்கள் தொழில்முறைக்காரர்கள், நமக்கு அளவுகோல் இல்லை. நாற்பதுக்கு மேல் உடம்பில் என்ன மிச்சமிருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக மனசில் வைத்திருக்கிறேன்.

போட்டிக்குப் பெயர் கொடுங்கள். ஆறு வாரம் தாராளம். கடைசி வாரத்தில் பயிற்சி நேரத்தைப் பாதியாக்கிவிடுங்கள், இடையில் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று வேகமான மிதிப்பு மட்டும் இருக்கட்டும், கால் மறந்துவிடாமல் இருக்க. அந்த வாரம் கூடுதலாகத் தூங்கும் ஒரு மணி நேரம், ஓட்டும் ஒரு மணி நேரத்தைவிட உங்களுக்கு அதிகம் தரும்.

அப்புறம் மகள். அவள் கேட்டது கேலி இல்லை, ஒன்பது வயதில் அது தகவல் கேட்பதுதான். கடைசியாக வந்திருந்தால் ஆமாம் என்று சொல்லுங்கள், எந்த வளைவில் கூட்டம் கைவிட்டுப் போனது என்பதையும் சொல்லுங்கள். இந்த முறை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியிடம் முன்கூட்டியே நாலு நாள் கணக்கைக் காட்டுங்கள், மீதி மூன்று நாள் விடியற்காலையில் நீங்கள் கட்டிலில்தான் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். மகளை வளைவுக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே, நீங்கள் எழுந்து மிதிக்கத் தொடங்கும் இடத்துக்கு நேராக நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அப்பா முன்னாலிருந்து எத்தனையாவது ஆளாக வருகிறார் என்று எண்ணி ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். என் பையன் குறித்துக் கொடுத்த தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது: 9, 12, 11, 17, 14, 22, 13. அந்த 22 வந்த சுற்றில் நான் என்ன தப்பு செய்தேன் என்று அன்று ராத்திரி அவன்தான் எனக்குச் சொன்னான். போட்டி முடிந்ததும் அவள் தாளில் இருக்கும் எண்களை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்